உங்கள் கூரையில் பாதி மேடம்

ஆமாம் மைனி, அது பாதி முகம்தான். உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நேற்று ராத்திரி ஐரோலி மகள் வீட்டிலிருந்து வந்து அலுப்பாகப் படுத்தால், கூரை ஷீட் உடைந்த ஓட்டை வழியாக ஒரு பொம்பளை ஒற்றைக் கண்ணால் உங்களையே பார்த்தாளாமே. காலையில் சந்து முழுக்க அதுதான் பேச்சு. பயப்பட வேண்டிய ஆள் இல்லை அவர். யூனிவர்சிட்டி மேடம். பூமியைக் காப்பாற்றுவதற்குப் பாடம் நடத்துகிறவர். போன வாரத்திலிருந்து உங்கள் கோலியை, இந்த ஒற்றை அறையை, மழையிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய இன்னொரு கண் என் வீட்டுக் கூரையில் இருந்தது. இப்போதுதான் அவிழ்த்து இறக்கி வைத்துவிட்டு வருகிறேன்.

நான் வந்ததும் அதற்குத்தான். உங்கள் பாதியையும் இன்றைக்கே அவிழ்த்துத் தர வேண்டும். என் பேத்திக்கு அந்த யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் ஓர் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் கூரையில் கயிறு போட்டுக் கட்டிக் கிடக்கிறது. காரணம் கேட்காமல் தர மாட்டீர்கள். வானம் இப்படிக் கறுத்து நிற்கும்போது நானாக இருந்தாலும் தர மாட்டேன். அதனால் முழுவதையும் கேட்டுவிடுங்கள். நான் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள், படித்துச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்ததையும் கேட்டதையும் சொல்கிறேன்.

நீங்கள் மகள் பிரசவத்துக்குப் போனீர்கள் அல்லவா, அந்த வாரம்தான் ஆரம்பம். என் மகனின் மூத்தவள் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு சும்மா இருந்தாள். சும்மா என்றால் என்ன, தண்ணீர் பிடிப்பது, தம்பியை அடிப்பது, போனைப் பார்ப்பது. ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் போன் செய்தார். செம்பூர் தாண்டிப் போகிற பஸ் ரோட்டில் புதிதாக ஒரு யூனிவர்சிட்டி வந்திருக்கிறதாம். லீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு வைத்திருக்கிறார்களாம். மாட்டுங்காவிலும் பாந்திராவிலும் இருந்து பிள்ளைகள் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார்கள், தாராவியிலிருந்து ஒரு பிள்ளை ஃப்ரீயாக வேண்டும் என்று கேட்டார்களாம். காய்கறியெல்லாம் வாங்கிப் பையில் போட்ட பிறகு, கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்போம் இல்லையா, அப்படி. என் பேத்திதான் கறிவேப்பிலை.

"என்னட்டி படிப்பு அது?" என்று கேட்டேன்.

"சஸ்டைனபிலிட்டி ஆச்சி."

"அது திங்கதா, உடுத்துததா?"

"இருக்கதையெல்லாம் நாமளே காலி பண்ணாம, பின்னால வாரவங்களுக்கும் மிச்சம் வைக்கது ஆச்சி."

"அதுக்கு எதுக்குட்டி யூனிவர்சிட்டி? குழாயடியில நமக்கு முன்னால நிக்காளே மூணாவது வீட்டுக்காரி, அவளைக் கூட்டிட்டுப் போயிப் படிக்க வையி."

என் மகனுக்கு அரை மனது. தெரியும் அல்லவா, அவன் பாயுடைய தோல்பை ஒர்க்ஷாப்பில் மெஷினில் உட்கார்ந்து எதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகினவன். "ஃப்ரீன்னா அதுல எங்கயோ தையல் பிரிஞ்சிருக்கும்மா" என்றான். நான்தான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தச் சந்தில் யார் வீட்டுப் பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போயிருக்கிறது? கூட்டிப் பெருக்கப் போனவர்களைத் தவிர?

முதல் நாளே திரும்பி வரும்போது தும்மிக்கொண்டே வந்தாள். மே மாதம், வெளியே தார் ரோடு உருகிச் செருப்பில் ஒட்டுகிறது, இவளுக்கு ஜலதோஷம். பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று சொல்லித் தருகிற இடம் மைனி, பிள்ளைகளை ஐஸ் பெட்டிக்குள் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சூடு உறைத்துவிட்டால் பாடத்தில் கவனம் நிற்காதோ என்னவோ. மறுநாளிலிருந்து ஸ்வெட்டர் கொண்டு போனாள். மே மாசத்தில் தாராவியிலிருந்து ஸ்வெட்டரோடு பஸ் ஏறுகிற பெண்ணைக் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தானாம்.

பாடம் என்ன என்கிறீர்கள்? ஒரு முழுக் காலை, ஒரே ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பது எப்படி என்று. சுவரில் படம் காட்டி. ஒரு பிள்ளை "முடியுமா?" என்று கேட்டதாம். இன்னொரு பிள்ளை, "வாளி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டதாம். என் பேத்தி கையைத் தூக்கி, "தலைக்கு ஊத்துனா கொஞ்சம் கூட ஆகும் மேடம்" என்று சொல்ல, எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்களாம், இமயமலை ஏறி வந்தவளைப் பார்ப்பது போல.

மாட்டுங்காவிலிருந்து ஒரு பையன் வருகிறான். அவனுடைய பிராஜெக்ட், ஒரு வாரம் வீட்டில் ஏசி போடாமல் இருப்பது. இருந்துவிட்டான் மைனி! உயிரோடு இருந்துவிட்டான். அவன் அம்மாவே வகுப்புக்கு வந்து, பிள்ளை பட்ட பாட்டைச் சொல்லி மூக்கைச் சிந்தினாராம். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

"நீயும் தட்டினியாட்டி?"

"கை சிவக்கத் தட்டுனேன் ஆச்சி. பாவம் அவன்."

அவள் உண்மையாகத்தான் பாவம் என்றாள். அந்தப் பிள்ளைக்கு என் வாய் வரவில்லை, அவள் அம்மா மாதிரி.

கேலி இருக்கட்டும். அவளுக்கு அந்த இடம் பிடித்துப் போய்விட்டது. இந்த லீவு வகுப்பு முடிந்ததும் மழைக்காலத்தில் இன்னொரு வகுப்பு வைக்கிறார்களாம். அது ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது. இந்தப் பிள்ளைகளில் நல்ல பிராஜெக்ட் செய்த ஒரு சிலரைத்தான் எடுப்பார்களாம், எடுத்தால் எல்லாம் அவர்கள் செலவு. ஒரு நாள் அந்த ஹாஸ்டல் அறையைக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு வந்து அவள் சொன்னதைக் கேளுங்கள்: "ஆச்சி, ஒரு ஆளுக்கு ஒரு மேசை. அந்த மேசைக்கு அடியில யாரும் படுக்கல."

எங்கள் கோலி உங்களுக்குத் தெரியாதா. இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் மிக்ஸி, நடுவில் அவள் தம்பி, எல்லாவற்றுக்கும் மேலே நான். நான் பேச்சை நிறுத்தினால்தான் அவள் படிக்க முடியும். அது நடக்கிற காரியமா? அதனால்தான் அவள் ஹாஸ்டல், ஹாஸ்டல் என்று உருகுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. சரி, இந்த இடத்தை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று நானும் வரிந்து கட்டிக்கொண்டேன். அங்கேதான் வந்தது வினை.

பிராஜெக்ட் என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு சாக்கு கொடுத்துவிட்டார்கள். வீட்டில் என்ன குப்பை விழுந்தாலும் வெளியே போடாமல் அந்தச் சாக்கில் போட்டு வாரா வாரம் கொண்டு போக வேண்டும். அங்கே ஒரு தராசு. முதல் வாரம் எடை போடுவார்கள், அப்புறம் வாரா வாரம் யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று பார்ப்பார்கள். காரில் குப்பை கொண்டு வந்தார்களாம் மைனி. டிரைவர் இறக்கி வைத்தானாம். நம் ஊரில் குப்பையை எடுத்துப் போகத்தான் வண்டி வரும், அங்கே வண்டி பிடித்துப் படிக்கக் கொண்டு போகிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் சாக்கு முதல் வாரம் முழுக்க ஆணியில் தொங்கியது. பால் கவரைக் கழுவிக் காய வைத்தால் பழைய சாமான் வாங்குகிற பங்கார் கடைக்காரன் எடுத்துக்கொள்கிறான். பாட்டிலும் அவனுக்கே. காய்த் தோல் பாய் வீட்டு ஆட்டுக்கு. பழைய சேலை மெத்தைக்கு, மெத்தை கிழிந்தால் தரை துடைக்க. ஏதாவது ஒன்று குப்பையாகலாம் என்று நினைப்பதற்குள் யாராவது வந்து கேட்டு வாங்கிப் போய்விடுகிறார்கள். கடைசியில் நாலு மாத்திரை அட்டையும், பிய்ந்த ஒரு ஹவாய்ச் செருப்புமாகக் கொண்டு போனாள். தராசு முள் அசையவே இல்லையாம்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "எல்லாரும் அடுத்த வாரம் பாதியாக் குறைச்சிருவாங்க ஆச்சி. நான் எதைக் குறைக்க? இதுக்கு மேல குறைக்கணும்னா உன்னையத்தான் வெளிய போடணும்."

"இதுக்காட்டி இம்புட்டு விசனம்? குப்பைதானே வேணும்?" என்றேன்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போனதும் ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து சந்தாகப் போனேன். பேத்தி படிப்புக்குக் கொஞ்சம் குப்பை வேண்டும் என்று கேட்டேன். அடேயப்பா, என்ன தாராளம்! இந்தச் சந்தில் சீனி கேட்டாலும் மாவு கேட்டாலும் முகம் சுளிக்கிறவர்கள், குப்பை என்றதும் வாரி வாரி வழங்கினார்கள். ஸ்வீட் கடைக்காரர் அட்டைப்பெட்டியாகக் கொடுத்தார். சாயங்காலம் பேத்தி வந்து பார்த்துவிட்டு ஆடித் தீர்த்துவிட்டாள்.

"ஆச்சி, இது சீட்டிங்!"

"யார் வீட்டுக் குப்பைன்னு அதுல பேரா எழுதியிருக்கு?"

"திருப்பிக் குடுத்துட்டு வா."

திருப்பிக் கொடுக்கப் போனால் ஒருவரும் வாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் பங்கார்காரன் தலையில் கட்டினேன்.

இதற்குள் அந்த மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வீட்டில் ஒரு வாரம் குப்பையே விழாமல் இருக்குமா, பார்க்க வேண்டும், வகுப்பையே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். முள் அசையாத வீட்டை வந்து பார்த்துவிட்டால் மேடம் நம்பிவிடுவார், அதையே பிராஜெக்டாக எடுத்துக்கொள்வார், ஹாஸ்டல் இடமும் கிடைக்கும் என்பது பேத்தியின் கணக்கு. என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னாள்:

"சனிக்கிழமை மேடம் வாராங்க, பிள்ளையளும் வாராங்க. நீ ஒண்ணும் செய்யாண்டாம் ஆச்சி. எப்பவும் இருக்க மாதிரி இரு. அதைப் பாக்கத்தான் வாராங்க. வெளங்குச்சா? ஒண்ணுமே செய்யாண்டாம்."

நீங்களே சொல்லுங்கள் மைனி. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்லி அனுப்புகிறார்கள்? "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், ஒரு வாய்த் தண்ணி போதும்" என்றுதானே? வெறும் தண்ணீரைக் கொடுத்து அனுப்பினவள் உண்டா? அப்படி அனுப்பினால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா? வேண்டாம் என்று சொல்வது வருகிறவர்கள் மரியாதை, செய்து வைப்பது நம் மரியாதை. பேத்தியே தன் வாயால் "எல்லாம் செய்து வை" என்று சொல்ல முடியுமா? சின்னப் பிள்ளை, நாசூக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் எத்தனை தடவை வேண்டாம் என்றாளோ அத்தனை பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

சந்து முனையில் மன்றத்துப் பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்கள் முதலில் கேட்டது, "பேனர் எத்தனை அடி ஆச்சி?" என்றுதான். நம் சந்தில் காது குத்தினால் பேனர், பெண் பெரியவளானால் பேனர், ஆள் செத்தால் பேனர். பேனர் இல்லாமல் இந்தச் சந்துக்குள் வருகிறவன் கரண்டு கணக்கு எடுக்கிறவன் ஒருவன்தான். யூனிவர்சிட்டியே வருகிறது, சும்மா விடுவதா? போனில் தேடி மேடத்தின் படத்தைப் பிடித்துவிட்டார்கள். நடுவில் மேடம், ஆள் உயரத்துக்கு. வலது பக்கம் என் பேத்தி, சடங்குக்கு எடுத்த பட்டுச்சேலைப் படம். இடது பக்கம் நான், கையைக் கும்பிட்டுக்கொண்டு. கீழே வரிசையாகப் பையன்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடி. மேலே எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார்கள்: "பூமித் தாயைக் காக்க வந்த பாசத் தாயே வருக வருக." என் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என்ன வழவழப்பு! தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓடியது. நல்ல கெட்டிச் சரக்கு என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

வாடகைக்கு நாற்காலி வந்தது. மேடத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சால்வை, ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில். தெர்மாகோல் தட்டில் இட்லி, வடை, ஸ்வீட். அப்புறம் தண்ணீர், சின்னச் சின்ன பாட்டிலில். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. எலெக்‌ஷனுக்கும் ஆஸ்பத்திரிக் கணக்குக்கும் வந்த பெரிய மனிதர்கள் அதை வாங்கி, வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே கீழே வைத்துவிட்டு, "இப்பதான் குடிச்சுட்டு வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். வைத்த டம்ளரைத் திரும்ப எடுக்கிறபோது கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சீல் உடைக்காத பாட்டிலைக் கொடுத்தால் யாரும் கீழே வைக்க மாட்டார்கள். என் பேத்தி முன்னால் ஒருவரும் எதையும் கீழே வைக்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை வந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடத்திக் கூட்டி வந்திருக்கிறார் மேடம், பூமிக்கு நல்லதாம். பிள்ளைகள் ஒவ்வொன்றும் தக்காளி மாதிரி சிவந்து, தோளில் எவர்சில்வர் பாட்டில் தொங்க வந்தன. பாட்டில் காலி. முனையில் திரும்பியதும் பையன்கள் கலர்ப் பேப்பர் வெடியை வெடித்தார்கள். சந்து முழுக்கப் பளபளவென்று ஜிகினாத் துண்டு. மேடம் தலையில், கண்ணாடியில், எல்லா இடத்திலும். அண்ணாந்து பார்த்தார். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன்.

கடைசியாகத்தான் என் பேத்தி வந்தாள். வந்து பேனருக்கு அடியில் நின்றாள்.

"ஆச்சி... என்னது இது?"

"ஒனக்குச் செய்த மரியாதைட்டி. எப்பிடி இருக்கு?"

மேடம் மாட்டுங்காக்காரர், அந்தக் காலத்திலேயே ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம் போலிருக்கிறது, நல்ல தமிழ். "என்ன பாட்டி இதெல்லாம், எதுக்கு உங்களுக்கு இவ்ளோ சிரமம்?" என்றார். கேட்டீர்களா, அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்! சால்வையைக் கவரிலிருந்து உருவிப் போர்த்திவிட்டு, பாட்டிலை நீட்டினேன்.

மேடம் பாட்டிலைப் பார்த்தார். பிள்ளைகள் மேடத்தைப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் தொட்டால் மார்க் குறைப்பேன் என்று அவர்தான் சொல்லி வைத்திருந்தாராம், எனக்கு அப்புறம்தான் தெரியும். ஒரு கூட்டமே நாக்கு வறண்டு நிற்கிறது, ஒருவரும் வாங்கவில்லை. எனக்குப் பழைய டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது. மூடியைத் திருகி அவர் காதுக்குப் பக்கத்தில் உடைத்தேன்.

"சத்தம் கேட்டீயளா? புதுசு தாயி. யாரும் வாய் வைக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ தெரியவில்லை, வாங்கி மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டார். அவ்வளவுதான், பிள்ளைகள் பாய்ந்துவிட்டன. ஏசி போடாமல் உயிர் பிழைத்த பையன் ஒரு பாட்டிலைக் குடித்து, ஒரு பாட்டிலில் முகம் கழுவி, ஒரு பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஒரு வாளிக் குளியல் நன்றாகத்தான் படிந்திருந்தது.

அவர்கள் போன பிறகு வாசலைப் பார்த்தால் எனக்கே திக்கென்றது. தட்டு, பாட்டில், கவர், ஜிகினா. மன்றத்துப் பையன்கள் பேனரை மட்டும் அவிழ்த்துச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார்கள். பேத்தி அந்தக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"சாக்கை எடுத்துட்டு வா ஆச்சி."

"ஏட்டி, விருந்தாளி போட்டது நம்ம கணக்குல வராது. நான் பங்கார்காரனைக் கூப்பிடுதேன், நிமிசத்துல அள்ளிருவான்."

"நம்ம வாசல்ல விழுந்தது நம்ம கணக்குதான். வீட்டுல விழுததை வெளிய போடக் கூடாதுன்னுதான் ரூல்."

"கொண்டு போனா ஒனக்கு இடம் கெடைக்குமா?"

"கெடைக்காது." சொல்லிவிட்டு ஒவ்வொரு தட்டாகப் பொறுக்கினாள். "ஒண்ணும் செய்யாண்டாம்னு சொன்னேம்லா ஆச்சி? எத்தனை தடவ சொன்னேன்?"

"நீ மரியாதைக்குச் சொல்லுதன்னு நெனச்சேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அதற்கப்புறம் மூன்று சாக்கு நிரம்புகிற வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான்! பேசவில்லை! பக்கத்து வீட்டுக்காரி வந்து எனக்கு உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பேனர் சுருட்டியபடியே மூலையில் கிடந்தது. போன வாரம் ஒரு மழை அடித்தது இல்லையா, அங்கே ஐரோலியிலும் அடித்திருக்குமே. நீங்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தீர்கள். திறந்து பார்த்தால் அரிசிச் சம்புடத்துக்கு நேர் மேலே சொட்டுகிறது. என் வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே. உடனே மூளையில் பளிச்சென்றது, அந்த வழவழப்பு. நம் கூரைகளில் பாதிக்கு மேல் பழைய பேனர்தானே கிடக்கிறது. மேம்பாலத்திலிருந்து பார்த்தால் தலைவர்களும் மணமக்களும் செத்துப்போன தாத்தாக்களும் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கத்தரியை எடுத்தேன், இரண்டாக வெட்டினேன். மேடம் மூக்கில் கத்தரி போனது நான் வேண்டுமென்று செய்ததில்லை. நடுவில் நின்றது அவர்தானே. நம் இரண்டை மட்டும் முகம் கீழே பார்க்கக் கவிழ்த்துக் கட்டச் சொன்னேன், வெயிலில் என் படம் வெளுத்துவிடக் கூடாதே.

இப்போது இன்றைக்குக் காலைக்கு வருகிறேன். அங்கே கடைசி நாள் விழா. பெற்றவர்களெல்லாம் வரலாம் என்றார்கள். என் மகன் லீவு போட்டான், பட்டுச்சேலையும் மீந்துபோன ஒரு சால்வையுமாக நானும் போனேன். அந்த ஐஸ் பெட்டியில் அந்தச் சால்வை இல்லாவிட்டால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் ஏறித் தன் சாக்கைக் காட்டியது. எல்லோர் சாக்கும் இளைத்திருந்தது. கை தட்டினார்கள்.

என் பேத்தி ஏறினாள். முதலில் அந்த மாத்திரை அட்டையும் ஹவாய்ச் செருப்பும் இருந்த சாக்கை வைத்தாள். அப்புறம் அவள் அப்பா மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தான். அவள் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் பேசினாள். அவன் இறங்கி வந்து என் காதில் சொன்னான்: "சின்னதைக் காட்டி, இது எங்க வீட்டு வாரக் குப்பைங்கா. பெரிசைக் காட்டி, இது நீங்க வந்த அன்னைக்கு விழுந்ததுங்கா."

அப்புறம் அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள். என் மகன் சால்வையை என் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னான்: "எங்க வீட்டுத் தண்ணிய யாரும் வாங்கிக் குடிக்க மாட்டாங்கன்னு எங்க ஆச்சிக்குப் பயம், அதான் பாட்டில் வாங்குனாங்க, அந்தப் பயத்துக்கு எவ்வளவு எடைன்னு எனக்குத் தெரியாதுங்கா." நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை அதை. எப்படிக் கண்டுபிடித்தாளோ. என் வாய்தான் மூடாதே, எங்கேயாவது உளறியிருப்பேன்.

மேடம் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லோரும். ஏசிப் பையன் எழுந்து நின்றே தட்டினான், நல்ல பிள்ளை. இடம் கிடைத்துவிட்டது என்று நான் எழுந்து பார்க்கிறேன், மேடையில் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். அந்த ஹாஸ்டல் செலவைக் கொடுக்கிற கம்பெனிக்காரராம். சனிக்கிழமை நம் சந்தில் எடுத்த போட்டோவைச் சுவரில் காட்டிக்கொண்டிருந்தார்கள், அதைக் கைகாட்டி ஏதோ கேட்டார். போட்டோவில் பேனர், பேனரில் நான் கும்பிட்டபடி. அந்தப் பேனர் சாக்கில் இல்லையே, இருக்கிறதிலேயே பெரிய பிளாஸ்டிக் அதுதானே, கணக்கு எப்படி முழுசாகும் என்கிறார்.

"அது குப்பை இல்ல சார், கூரை" என்றாளாம் இவள்.

"எதுவானாலும் தராசில் ஏறட்டும்" என்றாராம் அவர். போட்டோ போதாதாம். எடை இல்லாமல் மார்க் போட முடியாதாம். மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, பேத்தியிடம் வந்தார். "நாளைக்குக் காலம்பற கொண்டு வந்துடும்மா. எடை போட்டுட்டு லிஸ்ட்டைப் படிச்சுடலாம், உனக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

நான் நடுவில் புகுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "தாயி, ஒங்க மூஞ்சி இப்ப ரெண்டாக் கெடக்கு. ஒண்ணு எங்க வீட்டுல, ஒண்ணு மைனி வீட்டுல. பரவால்லியா?"

அவர் அப்படிச் சிரித்தார் மைனி, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு. "எடைக்கு மூஞ்சி எதுக்கு பாட்டி? ரெண்டையும் சேர்த்துக் கொண்டாங்கோ."

பஸ்ஸில் வரும்போது பேத்தியிடம் சொல்லிப் பார்த்தேன், நீங்கள் நேற்றுதான் வந்திருக்கிறீர்கள், உங்களைத் தொந்தரவு செய்வானேன் என்று.

"நம்ம பாதிய மட்டும் தராசுல வச்சு நிறுத்து, அதே அளவு இன்னொரு பங்கு சேத்துக்கிட்டாப் போச்சு."

"ரெண்டும் ஒரே அளவா ஆச்சி? நீ முழுசா இருக்கணும்னு ஒன் தோளைச் சுத்தி வளைச்சு வெட்டியிருக்க. நம்ம பாதிதான் பெரிசு. பொய்க் கணக்கு நான் குடுக்க மாட்டேன்."

வளைத்துத்தான் வெட்டினேன். பின்னே, என்னையே நான் வெட்டிக்கொள்வதா?

அதனால்தான் கேட்கிறேன் மைனி. என் மகன் ஒர்க்ஷாப்பிலிருந்து ராத்திரிக்குள் கெட்டி ரெக்சின் துண்டு கொண்டு வந்து உங்கள் கூரையில்தான் முதலில் போடுவான், எனக்கு அப்புறம். எடை போட்டு முடிந்ததும் இரண்டு பாதியையும் பை தைக்கிற மெஷினில் ஒட்டித் தைத்து முழு மேடமாகவே உங்களுக்குத் தருகிறேன். மூக்கில் ஒரு தையல் தெரியும், பரவாயில்லை. இவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் எனக்கு மட்டும் என்ன, பேச ஆள் வேண்டாமா? நல்லவேளை நீங்கள் வந்துவிட்டீர்கள். உங்களுக்கும் படிப்பு, பரீட்சை என்று ஒன்றும் கிடையாது.

என்ன சத்தம் அது, மேலே? பூனை இல்லை, கால். நீங்கள் இன்னும் சரி என்றுகூடச் சொல்லவில்லையே!

"ஏட்டி! நான் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அதுக்குள்ள ஏறி அவுக்கியா?"

"மழை வருது ஆச்சி! நீ கேட்டு முடிக்கதுக்குள்ள விடிஞ்சிரும்! மைனியாச்சி, அவுத்துக்கிடவா?"

பாருங்கள், உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவிழ்க்கச் சொல்லிவிட்டீர்களா? நீங்கள் நன்றாக இருப்பீர்கள். ஐயோ, சொட்டிவிட்டதே, மைனி, அந்த அரிசிச் சம்புடத்தை இந்தப் பக்கம் தள்ளுங்கள், இன்னும், இன்னும் கொஞ்சம், அங்கே ஒரு வாளியை வையுங்கள். ஏட்டி, நனையாமச் சுருட்டுட்டி, ஈரத்தோட எடை போட்டா அந்தக் கோட்டுக்காரன் அதுக்கும் ஒண்ணு சொல்லுவான்! என் வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே மொட்டையாகக் கிடக்கிறது, உலையில் சோறு கொதிக்கிறது, நான் போய்க் குடத்தை வைத்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்கிறேன்!